எந்தக் குக்கீயை வைப்பது, எதை அழிப்பது: பிரவுசர் குக்கீகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த வெப்சைட் மக்கர் செய்தாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "குக்கீயை எல்லாம் அழிச்சிட்டுப் பாருங்க" என்பது. சில நேரம் அது வேலையும் செய்யும். ஆனால் அதன் பிறகு மெயில், பேங்க், ஷாப்பிங், ஆபீஸ் தளம் என்று எல்லா இடத்திலும் மறுபடி லாகின் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓடிபி வாங்க வேண்டியிருக்கும். இவ்வளவு பாடுபட்டும், விளம்பரக் கம்பெனியின் குக்கீ அடுத்த செய்தித் தளத்தைத் திறந்ததுமே புதிதாக வந்து உட்கார்ந்துவிடும். தங்க வேண்டியது போய், போக வேண்டியது திரும்பி வருவதுதான் மொத்தமாக அழிப்பதில் உள்ள சிக்கல். அந்தக் குக்கீயை யார் வைத்தது, எவ்வளவு நாளுக்கு வைத்தது என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால், மொத்தமாக அழிக்கும் தேவை ஏறக்குறைய வராது.

குக்கீ என்ன செய்கிறது

பிரவுசரும், தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், கொடுத்தது, அத்தோடு கணக்கு முடிந்தது. அடுத்த நொடி அதே தளத்தில் இன்னொரு பக்கத்தைக் கேட்டால், யாரோ புது ஆள் என்றுதான் சர்வர் எடுத்துக்கொள்ளும். லாகின் நிற்காது, கூடையில் போட்ட பொருளும் நிற்காது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி கொண்டுவந்த ஏற்பாடுதான் குக்கீ.

நீங்கள் லாகின் செய்ததும் சர்வர் தன் பதிலோடு 'செட்-குக்கீ' என்று ஒரு வரியை அனுப்புகிறது. அதில் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். பிரவுசர் அதைச் சேமித்துக்கொண்டு, அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்புகிறது. மதிப்பு பெரும்பாலும் ஒரு நீளமான தாறுமாறான எழுத்துக் கோவைதான். உங்கள் பெயர், முகவரி, ஆர்டர் விவரம் எல்லாம் சர்வரில்தான் இருக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி: டோக்கனில் எண் மட்டும்தான் இருக்கும், ஆனால் அதை யார் நீட்டினாலும் செருப்பு அவர் கைக்குப் போய்விடும். குக்கீ திருட்டு இவ்வளவு ஆபத்தாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு குக்கீயின் அளவு சுமார் 4096 பைட்டுக்குள் அடங்கிவிடும். அது வெறும் எழுத்து, புரோகிராம் அல்ல. அதனால் குக்கீயே வைரஸாக மாறாது. கம்ப்யூட்டர் வேகம் கூடும் என்று நினைத்துக் குக்கீயை அழிப்பதிலும் அர்த்தமில்லை. இடத்தை அடைப்பது படங்களையும் ஃபைல்களையும் சேமிக்கும் கேஷ். அழிக்கும் பக்கத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதை மட்டும் டிக் செய்தால் லாகின் எதுவும் போகாது.

குக்கீயோடு ஒட்டி வரும் விதிகள்

பெயர், மதிப்பு தவிரச் சில கட்டளைகளும் கூட வரும். முதலாவது ஆயுள். காலாவதித் தேதி எதுவும் கொடுக்காவிட்டால் அது செஷன் குக்கீ. பிரவுசரை மூடும்போது போக வேண்டும். தேதி கொடுத்திருந்தால் அதுவரை இருக்கும். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸின் முக்கியக் குக்கீ இரண்டு ஆண்டு கேட்கும். ஆனால் 2022 முதல் குரோம் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சஃபாரி இன்னும் கறார்: பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் (சிறு புரோகிராம்) வைக்கும் குக்கீக்கு ஏழு நாள்தான். நீங்கள் திரும்ப வரும்போது தளம் நாளைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அப்படிப் புதுப்பித்தால், தினமும் போகும் தளத்தின் குக்கீ இயல்பாகச் சாவதே இல்லை.

செஷன் குக்கீயில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடரவும்' என்ற ஸ்டார்ட்-அப் தேர்வை வைத்திருந்தால், பழைய டேப்களோடு செஷன் குக்கீகளும் உயிர்த்து வரும். பிரவுசரை மூடினேன், லாகின் போயிருக்கும் என்று நம்பி எழுந்து போகக் கூடாது. ஃபோனில் பிரவுசர் முழுதாக மூடப்படுவதே அபூர்வம், அங்கும் இதே கதைதான்.

அடுத்து பாதுகாப்புக் கட்டளைகள் மூன்று. 'செக்யூர்' இருந்தால் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டுமே குக்கீ போகும். 'எச்டிடிபி-ஒன்லி' இருந்தால் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. லாகின் குக்கீக்கு இது இல்லையென்றால் அந்தத் தளத்தைக் கட்டியவர்கள் மெத்தனமாக இருந்திருக்கிறார்கள் என்று பொருள். 'சேம்-சைட்' என்பது வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்பதைச் சொல்லும். 2020 முதல் குரோம், இது குறிப்பிடப்படாத குக்கீயை 'லாக்ஸ்' என்றே எடுத்துக்கொள்கிறது. அதாவது லிங்க்கைத் தட்டி நேரே வந்தால் போகும், இன்னொரு தளத்துக்குள் பதிந்து கிடக்கும் துண்டிலிருந்து (விளம்பரம், வீடியோ போன்றவை) போகாது. விளம்பரக் கம்பெனிகள் அதனால் 'நன்' (தடை எதுவும் இல்லை) என்று எழுதியே அனுப்புகின்றன.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

கம்ப்யூட்டரில் குரோம் அல்லது எட்ஜில் இதைச் செய்து பார்த்தால் மேலே சொன்னது அத்தனையும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

1. நீங்கள் லாகின் செய்திருக்கும் ஒரு சாதாரணத் தளத்தைத் திறங்கள். பேங்க் தளம் வேண்டாம்.
2. எஃப்12 விசையை அழுத்துங்கள். திறக்கும் பலகையில் 'அப்ளிகேஷன்' டேபுக்குப் போங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அதன் பெயர் 'ஸ்டோரேஜ்'.
3. இடப்பக்கம் 'குக்கீஸ்' என்பதை விரித்து, தளத்தின் முகவரியைத் தட்டுங்கள். பெயர், மதிப்பு, டொமைன், காலாவதி, அளவு என்று வரிசையாகக் கட்டங்கள் தெரியும்.
4. டொமைன் கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் இருக்கும் தளத்தின் பெயர் என்றால் முதல் தரப்பு. சம்பந்தமே இல்லாத பெயர் என்றால் மூன்றாம் தரப்பு.
5. எச்டிடிபி-ஒன்லி கட்டத்தில் டிக் உள்ள வரிகளில், பெயரில் 'செஷன்', 'சிட்', 'ஆத்' என்பது போல ஏதாவது இருப்பதைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்துங்கள். பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். லாகின் பக்கம் வந்தால், உங்களை அதுவரை அடையாளம் காட்டியது அந்த ஒரு வரிதான்.

பலகையில் தெரியும் மதிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. "குக்கீயை காப்பி பண்ணி அனுப்புங்க, ஃபாலோயர்ஸ் ஏத்தித் தரோம்" என்று கேட்பவர்கள் கேட்பது உங்கள் கணக்கின் சாவியை. பாஸ்வேர்டு தராமல் இருப்பவர்களும் இதில் விழுகிறார்கள்.

மூன்றாம் தரப்புக் குக்கீ பின்தொடரும் விதம்

ஒரு கடைத் தளத்தில் கிரைண்டர் விலை பார்க்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் விளம்பரக் கம்பெனியின் ஒரு துண்டு பதிந்திருக்கிறது, சில சமயம் கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் படமாக. அதைக் கொண்டுவர உங்கள் பிரவுசர் அந்தக் கம்பெனியின் சர்வரைத் தொடர்பு கொள்கிறது. சர்வர் ஓர் எண்ணைக் குக்கீயாக வைக்கிறது. கூடவே எந்தப் பக்கத்திலிருந்து கேட்டீர்கள் என்ற விவரமும் போகிறது. பிறகு ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அங்கும் அதே கம்பெனியின் துண்டு, அதே எண். கடையும் செய்தித் தளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை, ஆனால் நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரியும். இப்படி ஆயிரக்கணக்கான தளங்களில் துண்டு பதித்தவருக்கு உங்கள் ஒரு மாத வாசிப்பே பட்டியலாகக் கிடைத்துவிடும்.

பிரவுசர்கள் இதில் ஒரே நிலையில் இல்லை. சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாடி வைக்கும் முறையை எல்லோருக்கும் கொடுத்தது. அங்கே மூன்றாம் தரப்பு குக்கீ வைக்கலாம், ஆனால் கடைத் தளத்தில் வைத்ததைச் செய்தித் தளத்தில் படிக்க முடியாது. குரோம் 2020-ல் நிறுத்தப் போவதாக அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. ஆக, குரோம் பயன்படுத்துபவர் தானே போய் நிறுத்தினால்தான் உண்டு. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்றால் அடுத்து வரும் முதல் செட்டிங்கைச் செய்யுங்கள்.

செட்டிங் மாற்றும் படிகள்

குரோம், கம்ப்யூட்டரில்: வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்'. அங்கே 'பிளாக் தேர்டு பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்காக்னிட்டோவில் (மூடியதும் குக்கீ அழியும் தனி ஜன்னல்) மட்டும் தடுக்கும் தேர்வும் பக்கத்திலேயே இருக்கும். அது போதாது.

குரோம், ஆண்ட்ராய்டில்: மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', 'சைட் செட்டிங்ஸ்', 'தேர்டு பார்ட்டி குக்கீஸ்'. கம்ப்யூட்டரில் மாற்றியது ஃபோனுக்குத் தானாக வந்திருக்கும் என்று எண்ணிவிடாமல் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ்: 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'. மேலேயே 'ஸ்டாண்டர்டு', 'ஸ்ட்ரிக்ட்', 'கஸ்டம்' என்று மூன்று நிலை இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஸ்டாண்டர்டே போதும். ஸ்ட்ரிக்ட் வைத்தால் சில தளங்களில் வீடியோ வராமல் போகலாம். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள கேடயக் குறியைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளலாம்.

ஐஃபோன் சஃபாரி: ஃபோனின் 'செட்டிங்ஸ்', புதிய ஐஓஎஸ்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'சஃபாரி'. 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'பிளாக் ஆல் குக்கீஸ்' என்று ஒன்று இருக்கும். ஆர்வத்தில் அதை ஆன் செய்துவிடாதீர்கள். எந்தத் தளத்திலும் லாகின் நிற்காது.

எட்ஜில் 'பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ்' பக்கத்தில் 'டிராக்கிங் பிரிவென்ஷன்' இருக்கிறது. குக்கீக்கான தனி ஸ்விட்ச்சை செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'குக்கீ' என்று தேடினால் கிடைத்துவிடும்.

ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிப்பது

ஒரு தளத்தில் மட்டும் பிரச்சினை என்றால் அதன் குக்கீயை மட்டும் எடுத்தால் போதும். குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறு குறியைத் தட்டி, 'குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா', பிறகு 'மேனேஜ் ஆன்-டிவைஸ் சைட் டேட்டா'. வரும் பட்டியலில் தளத்தின் பெயருக்கு எதிரே குப்பைத் தொட்டிக் குறி. அழித்துவிட்டு டேபை ரீலோட் செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி பக்கத்திலேயே 'மேனேஜ் டேட்டா' பட்டன் இருக்கிறது, அதில் தேடி எடுக்கலாம். ஐஃபோனில் 'அட்வான்ஸ்டு', 'வெப்சைட் டேட்டா', தளத்தின் பெயரை இடப்பக்கம் தள்ளினால் 'டெலீட்' வரும்.

எல்லாவற்றையும் அழித்தே ஆக வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கால அளவு, 'குக்கீஸ் அண்ட் அதர் சைட் டேட்டா' என்ற இரண்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். சேமித்த பாஸ்வேர்டு தனிக் கட்டம். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். குக்கீ போனால் மறுபடி லாகின் செய்துகொள்ளலாம். சேமித்த பாஸ்வேர்டும் போய், அது மனப்பாடமாகவும் இல்லையென்றால் திண்டாட்டம்தான்.

தினமும் தானாகவே அழிய வேண்டும், ஆனால் நான்கைந்து தளம் மட்டும் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ்தான் வசதி. மூடும்போது குக்கீயை அழிக்கும் தேர்வை டிக் செய்து, பக்கத்தில் உள்ள 'மேனேஜ் எக்ஸெப்ஷன்ஸ்' பட்டியலில் மெயில் முதலானவற்றைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. குரோமிலும் 'ஆன்-டிவைஸ் சைட் டேட்டா' என்ற பக்கத்தில் இதே வசதி உண்டு, ஆனால் 'சைட் செட்டிங்ஸ்' உள்ளே ஆழத்தில் கிடக்கிறது.

எங்கே கோளாறாகும், ஏன்

லாகின் செய்ததும் மறுபடி லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பினால், அல்லது 'டூ மெனி ரீடைரக்ட்ஸ்' என்று வந்தால், பழைய குக்கீயும் புதியதும் முரண்படுகின்றன. ஒரு பக்கம் நீங்கள் உள்ளே இருப்பதாக நினைக்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழித்தால் தீரும்.

'ரிக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கீ டூ லார்ஜ்' என்ற 400 பிழை வந்தால், தளம் குக்கீ மேல் குக்கீயாகக் குவித்துவிட்டது. பல சர்வர்கள் ஹெடருக்கு (கோரிக்கையின் தலைப்பகுதி, குக்கீ இதில்தான் போகும்) சுமார் 8 கேபிதான் இடம் தருகின்றன. 4 கேபி குக்கீ இரண்டு வந்தாலே நிரம்பிவிடும். இதற்கும் மருந்து அதேதான். திரும்பத் திரும்ப வந்தால் தவறு தளத்தின் பக்கம், உங்கள் பிரவுசரில் இல்லை.

மூன்றாம் தரப்பைத் தடுத்த பிறகு, பணம் கட்டும்போது நடுவில் திறக்கும் பேங்க் பெட்டி வெறுமையாக நிற்கலாம், ஒரு தளத்துக்குள் பதிந்த வகுப்பு வீடியோ லாகின் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தடுப்பை முழுதாக எடுக்க வேண்டாம். குரோமில் முகவரிப் பட்டையில் கண் மாதிரி ஒரு குறி தெரியும், அதைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதிக்கலாம். பணம் பாதியில் நின்றுவிட்டால் அனுமதி கொடுத்து ரீலோட் செய்வதற்கு முன் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குக்கீயை அழித்த பிறகு எல்லாத் தளமும் மறுபடி குக்கீ அனுமதி கேட்கிறதா? நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்ன பதிலையும் அவர்கள் ஒரு குக்கீயில்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

அனுமதி கேட்கும் பெட்டி

இந்தப் பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அங்கே அவசியமற்ற குக்கீக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை இறுக்கியது. 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்பே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்றது. மறுப்பதை ஒப்புக்கொள்வதைவிடக் கடினமாக வைத்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. அறிவிப்பு 2022 ஜனவரியில் வந்தது.

'ரிஜெக்ட் ஆல்' இருந்தால் யோசிக்காமல் தட்டுங்கள். லாகினுக்கும் கூடைக்கும் வேண்டிய குக்கீ அதனால் நிற்காது. அந்தப் பட்டன் இல்லாவிட்டால் 'மேனேஜ்' அல்லது 'மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே போங்கள். அங்கே இரண்டு டேப் இருந்தால் இரண்டாவதையும் திறங்கள். 'லெஜிட்டிமேட் இன்டரெஸ்ட்' (சம்மதம் கேட்காமலே எங்களுக்கு நியாயமான தேவை உண்டு என்று கம்பெனிகள் சொல்லிக்கொள்வது) என்ற அந்த டேபில் ஸ்விட்ச்சுகள் சத்தமில்லாமல் ஆனில் கிடக்கும். 'அப்ஜெக்ட் ஆல்' தட்டிவிட்டு 'சேவ்' செய்யுங்கள். பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் பட்டன் பல நேரம் 'அக்செப்ட் ஆல்' ஆகவே இருக்கும், அவசரத்தில் கை அங்கேதான் போகும். வெறும் 'ஓகே' மட்டும் உள்ள பெட்டி தகவல் பலகைதான். அதை மூடினாலும் தட்டினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே உங்களைக் காப்பது பிரவுசர் செட்டிங் மட்டுமே.

பிரவுசிங் சென்டரிலும் இரவல் ஃபோனிலும்

தேர்வு விண்ணப்பம், சான்றிதழ், டிக்கெட் என்று பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரை நம்பியிருப்பவர்கள் இன்னும் நிறைய. அங்கே உட்கார்ந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் என்-க்குப் பதில் பி. வேலை முடிந்ததும் தளத்தில் 'லாக் அவுட்' செய்து, பிறகு எல்லா இன்காக்னிட்டோ ஜன்னலையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் குக்கீ அங்கேயே இருக்கும்; முன்பு யாரோ திறந்து வைத்த ஜன்னல் ஒன்று பின்னால் கிடக்கலாம். டவுன்லோட் செய்த ஃபைலை இன்காக்னிட்டோ அழிக்காது, அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

லாக் அவுட்டுக்குப் பதில் குக்கீயை அழித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குக்கீயை அழித்தால் உங்கள் பிரதி மட்டும் போகும். சர்வரில் அந்த எண் இன்னும் செல்லும். ஒழுங்காகக் கட்டிய தளத்தில் லாக் அவுட் செய்தால் சர்வரே அந்த எண்ணைச் செல்லாததாக்கிவிடும். யாராவது ஏற்கெனவே பிரதி எடுத்திருந்தாலும் அவர்களுக்குப் பயன்படாது.

இது கற்பனைப் பயமல்ல. யூடியூபர்களுக்கு விளம்பர வாய்ப்பு என்று மெயில் அனுப்பி, மால்வேர் என்ற தீய புரோகிராமை இறக்க வைத்து, பிரவுசர் குக்கீகளை அள்ளிக்கொண்டு சேனலையே கைப்பற்றும் கும்பல்களைப் பற்றி கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. இரண்டு படிச் சரிபார்ப்பு இதில் உதவுவதில்லை, ஏனென்றால் ஓடிபி எல்லாம் தாண்டிய பிறகு கிடைத்த குக்கீயைத்தான் அவர்கள் எடுத்துப் போகிறார்கள். சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கணக்கைத் திறந்து, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தட்டி, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு மெயிலும் ஃபோன் எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். மால்வேர் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்தே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் சேர்ந்தே போகும்.

குக்கீ செட்டிங் எட்டாத இடங்கள்

ஒவ்வொரு பிரவுசருக்கும், அதில் உள்ள ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி ஜாடி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசருக்கும் தனி. குரோமில் நீங்கள் செய்த எந்த மாற்றமும் அதைத் தொடாது. ஷாப்பிங் லிங்க்கை ஆப்புக்குள் திறக்காமல், மூன்று புள்ளியைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறப்பது நல்ல பழக்கம்.

லோக்கல் ஸ்டோரேஜ் என்று குக்கீயைவிடப் பல மடங்கு பெரிய சேமிப்பும் தளங்களுக்கு உண்டு. 'சைட் டேட்டா' என்று சேர்த்து அழிக்கும்போது அதுவும் போய்விடும், தனியாகக் கவலைப்பட வேண்டாம். ஸ்கிரீன் அளவு, ஃபான்ட், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றைக் கூட்டிப் பார்த்து ஆளை அடையாளம் காணும் ஃபிங்கர்பிரின்டிங் வேறு ரகம். அதில் உங்கள் கருவியில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அதனால் அழிக்கவும் ஒன்றுமில்லை. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் அதற்கு ஓரளவு தடை போடுகின்றன. லாகின் செய்துவிட்டு உலாவினால் எந்தத் தடையும் பொருட்டல்ல. நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்கு நீங்களே சொல்லியாகிவிட்டது. அதனால் தேடலுக்கு ஒரு பிரவுசர், சோஷியல் மீடியா லாகினுக்கு இன்னொன்று என்று பிரித்து வைப்பது, வாரம் ஒருமுறை குக்கீ அழிப்பதைவிட அதிகம் பலன் தரும்.